தொழிலும் உளநலமும்: யாழ்ப்பாணச் சமூக வரலாற்றில் ஒரு நோக்கு

தமிழிலக்கணம் கற்றவர்கள் ‘தொழில்’ என்னும் சொல்லை முதலில் எதிர்கொள்வது கூலிக்கோ சம்பளத்துக்கோ உரிய பொருளில் அன்று. தொழிற்பெயர் என்பது செயலின் பெயர். சைவசித்தாந்தம் கூறும் ஐந்தொழில் இறைவனின் செயற்பாடுகளாகும். ஈழத்து அறிவியல் தமிழிலே இதயத்தின் தொழிற்பாடு, மூளையின் தொழிற்பாடு என்று எழுதுகின்றோம். ஆயினும் அன்றாட வழக்கில் இச்சொல் இருவகையாகக் குறுகியுள்ளது. ஒருபுறம் அது வருமானம் தரும் உத்தியோகம்; மறுபுறம் பிறப்போடு பிணைக்கப்பட்ட குலத்தொழில். ‘தொழில்வழிச் சிகிச்சை’ என இன்று வழங்கும் மருத்துவத்துறையை யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குவோர் இம்மூன்று பொருள்களையும் மனங்கொள்ளல் வேண்டும். உளநோயாளி ஒருவருக்கு வேலையை மருந்தாக வழங்கும்போது நாம் வழங்குவது எந்தத் தொழில்? இவ்வினாவை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நவீன ஐரோப்பாவில் வேலையைச் சிகிச்சையாகக் கொண்ட முயற்சிகளுள் 1796இல் வில்லியம் டியூக் யோர்க் நகரில் நிறுவிய இல்லம் முக்கியமானது. விலங்குகளுக்கும் அடிக்கும் பதிலாகத் தோட்டவேலை, கைவேலை, கனிவான உறவு ஆகியன அங்கு இடம்பெற்றன. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகலிடங்களில் இக்கருத்து தலைகீழாயிற்று. நோயாளரின் கூலியற்ற உழைப்பே அவற்றின் சமையலறைகளையும் சலவைக் கூடங்களையும் பண்ணைகளையும் இயக்கியது. குணமாக்கல் என்ற பெயரில் நிருவாகச் செலவு குறைக்கப்பட்டது.

1917இல் அமெரிக்காவில் மருத்துவர், கட்டடக்கலைஞர், சமூகப் பணியாளர், ஆசிரியர் முதலியோர் ஒன்றுகூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கான தேசியச் சங்கத்தை அமைத்தனர். முதலாம் உலக யுத்தத்தில் ஊனமுற்ற போர்வீரர்களின் புனர்வாழ்வு இத்துறைக்கு வேகமளித்தது. 1922இல் அடோல்ப் மேயர் அதற்கொரு தத்துவ அடிப்படை வழங்கினார். உளநோயை வாழ்தலில் ஏற்படும் சிக்கலாகக் கொண்ட அவர், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் சந்தம் குலைதலைச் சுட்டிக்காட்டினார்.

உழைப்பே மனிதனின் உயிர்ச்செயல் என்பதையும், முதலாளித்துவ உறவுகளில் அதே உழைப்பு அவனுக்கு அந்நியமாகிவிடுகின்றது என்பதையும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே மார்க்ஸ் விளக்கியிருந்தார். இந்த முரண்பாடு தொழில்வழிச் சிகிச்சையின் உள்ளேயே இருக்கின்றது. மனிதனை மனிதனாக்கும் செயல் என்ற உண்மையும், உழைப்புச் சந்தைக்குப் பயனற்றவரை மீண்டும் பயன்படுத்தும் உபாயம் என்ற நடைமுறையும் அதில் ஒருங்கே உள்ளன.

2

இலங்கையில் நவீன உளமருத்துவம் குடியேற்றவாத ஆட்சியின் காவல்முறையோடு வந்துசேர்ந்தது. 1873ஆம் ஆண்டின் பித்தர் கட்டளைச்சட்டம் உளநோயாளரை நீதிமன்ற விசாரணைக்கு உரியவராக்கியது. 1920களில் கொழும்பை அண்டி எழுந்த அங்கொடை வைத்தியசாலை தீவு முழுவதற்குமான அடைப்பிடமாயிற்று. 1937இல் இலங்கைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த இலண்டன் உளமருத்துவர் எட்வேட் மபோதர் அங்கு நிலவிய இடநெருக்கடியைக் கண்டித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர் ஊரையும் உறவையும் மட்டுமன்றித் தமது மொழியையும் இழந்தார். ‘அங்கொடை’ என்னும் ஊர்ப்பெயர் ஈழத்துத் தமிழில் வசைச்சொல்லாக மாறியமை இவ்வரலாற்றின் மொழிச் சான்றாகும்.

இங்கு ஒரு முரண் அவதானிக்கத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதித்தார். மாணவர்களின் துணையோடு உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் நூல்களை வெளியிட்டார். அவர் இங்கிருந்து நீங்கியதும் 1873ஆம் ஆண்டிலேயே. உடலின் நோயைத் தமிழில் விளக்க முனைந்த முயற்சி ஓய்ந்த ஆண்டில், உள்ளத்தின் நோயை ஆங்கிலத்தில் விசாரிக்கும் சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு இல்லை. ஆனால், நோயாளி எந்த மொழியிற் பேசவேண்டும் என்ற பிரச்சினை அன்றிலிருந்தே தீராது தொடர்கின்றது.

அங்கொடைக்குப் போகாதவர்கள் வீட்டிலும் நாட்டுவைத்தியரிடமும் கோயிலிலும் தங்கினர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி போன்ற கோயில்கள் அத்தகையோருக்கு உணவும் ஒதுங்கிடமும் அளித்துவந்தன. இம்மரபை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடல் அறிவியல் நோக்கு ஆகாது. இலங்கையில் உளப்பிளவு நோயாளரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வக்ஸ்லர், அவர்கள் கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகளின் நோயாளரிலும் நன்கு தேறியிருந்தனர் என 1979இல் எழுதினார். தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்த இரகுராம் குழுவினர், சராசரியாக ஆறு வாரங்களில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தமையை 2002இல் வெளியிட்டனர். அங்கு சிறப்பான சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. அவர்கள் கோயிலைக் கூட்டினர், செடிகளுக்கு நீர் வார்த்தனர், அச்சமின்றித் தங்கினர். தொழில்வழிச் சிகிச்சை என்று எவரும் பெயரிடாத தொழில்வழிச் சிகிச்சையே அது.

ஆனால் இம்மரபைப் பொற்காலமாகப் போற்றுவதும் தவறு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியிலே சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயிற் கருகி மாண்டனர். யாழ்ப்பாணத்திலோ கோயிலின் கதவே அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கோயில் குணமாக்கும் இடமாயின், எவருடைய உள்ளத்தைக் குணமாக்கும் இடம் என்று கேட்பது தவிர்க்கவியலாததாகின்றது.

3

சாதி கோயில் வாசலோடு நின்றுவிடுவதில்லை. அது சிகிச்சைக் கருவிக்குள்ளும் நுழையக்கூடும். 1985இல் குளோடியா அலன் வெளியிட்ட நூல் உளநோயாளரின் அறிகைத்திறனைப் படிநிலைகளாக வகுத்தது. அதனோடு தொடர்புடைய சோதனையில் நோயாளி துளையிட்ட தோற்றுண்டு ஒன்றில் வாரைக் கோத்துத் தைக்கவேண்டும். தையலின் சிக்கல் கூடக்கூட அவரது கவனம், நினைவு, பிழை திருத்தும் ஆற்றல் என்பன புலப்படும். அமெரிக்கச் சூழலில் இது எளிய, நடுநிலையான கைவேலை. தோலைத் தொடுதலே தீண்டாமையின் அடையாளமாக்கப்பட்ட தமிழ்ச் சமூகத்தில் அவ்வாறு இருக்கமுடியுமா? ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் அது அறிகைக் குறைபாடா, சாதிய அருவருப்பா? மற்றொருவர் திறமையாகக் கோத்துவிட்டால் அதனை மீட்சியின் அறிகுறியாகக் கொள்வதா, தம் குடும்பத்தின்மீது சுமத்தப்பட்ட தொழிலை மீண்டும் கையில் திணித்த அவமானமாக அவர் உணர்வதா?

தோலுக்குப் பதிலாகப் பனையோலையைக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது இலகுவான விடை. பனையேறுதலும் பெட்டியிழைத்தலும்கூட இங்கு சாதியினதும் பால்நிலையினதும் முத்திரை பெற்றவையே. முத்திரையற்ற தொழில் எங்கள் சமூகத்தில் அரிது. ஆகவே நோயாளி எந்தச் செயலைத் தம் வாழ்வுக்குப் பொருளுடையதாகக் கருதுகின்றார் என்பதை அவரிடமே, அவர் மொழியிலே கேட்டறிந்து தொடங்குவதே அறிவியல் முறை. கருவியை மொழிபெயர்த்தல் போதாது. அதில் உறைந்துள்ள சமூக உறவையும் ஆராய்தல் வேண்டும்.

4

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கப்பட்டமை உளநலத்துறைக்கும் திருப்புமுனையாயிற்று. ஆனால் அப்பீடம் வளர்ந்தது போரின் நடுவிலாகும். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் யாழ்ப்பாண மக்களிடையே நடத்திய ஆய்வு 1994இல் வெளிவந்தது. போரின் நெருக்கடி எதனையும் அனுபவியாதோர் ஆய்வுக்குட்பட்டவருள் 6 வீதத்தினர் மட்டுமே; 64 வீதத்தினரிடம் உளசமூகப் பாதிப்புகள் காணப்பட்டன. 2009இல் போர் முடிவுற்ற உடனே யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் குறிகளையும் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் குறிகளையும் பதிவுசெய்தது.

இவ்வெண்களைத் தனிமனித உள்ளங்களின் கூட்டுத்தொகையாக மட்டும் வாசித்தல் போதாது. போர் உயிர்களை அழித்தது. அதனோடு தொழிலையும் அழித்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது செம்மண் தோட்டத்தோடு அதன் நாளொழுங்கும் போயிற்று. வெள்ளாப்பில் தண்ணீர் இறைத்தல், பாத்தி கட்டுதல், சந்தைக்குப் போதல் என்பன வருமான வழிகள் மட்டுமல்ல. ஒருவர் தம்மை இன்னாரென உணரும் வழிகளுமாகும். மயிலிட்டி மீனவர்கள் தம் துறைமுகத்தை மீளக் காண 2017 வரை, 27 ஆண்டுகள், காத்திருந்தனர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் உற்பத்தி 1990இல் நின்றது. தொழிலாளரின் கூட்டு வாழ்வும் அதனோடு சிதறியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தையற்கடையையும் இரும்புக்கடையையும் மட்டுமன்றித் தலைமுறைகளின் கைப்பழக்கம் வேரூன்றியிருந்த தெருக்களையும் இழந்தனர். இப்பழியை நமது சமூகமும் ஏற்கவேண்டும். மேயர் கூறிய வாழ்வின் சந்தம் இங்கு நரம்புகளுக்குள் மட்டும் குலையவில்லை. நிலத்திலும் கடலிலும் குலைக்கப்பட்டது.

அவ்வாறாயின் கடலை இழந்த மீனவருக்கு வைத்தியசாலை அறையொன்றில் கடித உறை ஒட்டக் கொடுப்பது மட்டும் சிகிச்சையாகிவிடாது. அதுவும் ஓரளவு பயன் தரலாம். கை அசைய மனமும் அசையும். ஆனால் நோயின் காரணம் பொதுவெளியில் இருக்க, மருந்தை மட்டும் தனியறையில் தேடுவது வரலாற்றை நோயாளியின் தோளில் ஏற்றுவதாகும்.

5

இலக்கிய மாணவனுக்கு இங்கு ஒரு பணி உண்டு. கூட்டுழைப்பின் சந்தத்திலிருந்து கவிதை பிறந்தமையை விளக்கியவர் ஜோர்ஜ் தொம்சன். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் அவரிடம் ஆய்வு செய்து, அந்நோக்கைப் பழந்தமிழ் வீரயுகப் பாடல்களுக்கும் நாடகத்துக்கும் பிரயோகித்தனர். உழைப்பிலிருந்து கலை பிறந்ததெனின், உழைப்பு சிதைந்த சமூகத்தைக் கலை மீளவும் செயலுக்கு அழைக்கவும் கூடும். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊரூராக மேடையேறியபோதும், போரின் உளக்காயங்களைப் பொருளாகக் கொண்ட ‘அன்னை இட்ட தீ’ பின்னர் தோன்றியபோதும், பார்வையாளர் தம் துயரைத் தனிப்பட்ட பலவீனமாக அன்றிப் பொது அனுபவமாகக் கண்டனர். ஒத்திகைக்கு வருதல், குரலெழுப்புதல், மற்றவருக்காகக் காத்திருத்தல் ஆகிய யாவும் தொழிலே. இலக்கணம் அறிந்த பழைய பொருளில் தொழில்.

எனவே இத்துறையின் வளர்ச்சிக்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. தமிழிற் பயின்று தமிழிற் கேட்கும் சிகிச்சையாளர்கள் மாவட்டந்தோறும் வேண்டும். சாதி, பால்நிலை ஆகியவற்றின் முத்திரையை மறைக்காது ஆராயும் சோதனை முறைகள் எமது பல்கலைக்கழகங்களிலேயே உருவாகவேண்டும். மூன்றாவது நிபந்தனை வைத்தியசாலைக்கு வெளியே உள்ளது: உழைப்பவருக்கு அவரது நிலமும் கடலும் மீளவேண்டும். இம்மூன்றாவதை மருத்துவர் எழுதிக்கொடுக்க முடியாது. அதனைப் பெற்றெடுப்பது மக்களின் தொழிலாகும்.