ஜாப் ஒர்க்: வீடியோ கேம் தயாரிப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஊத்தங்கரையில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு 'டிவி கேம்' கடை இருந்தது. அரை மணிக்கு அஞ்சு ரூபாய். திரையில் மரியோ குதித்துக்கொண்டிருப்பான். அவனை யார் செய்தார்கள், செய்தவர்களுக்கு மாசச் சம்பளம் ஒழுங்காக வந்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. சினிமாவுக்குப் போனால் டைரக்டர் பேரைக் கேட்கிற ஊர்தான் இது. பிற்பாடு இலக்கியம், கோட்பாடு என்று வந்து சேர்ந்த இடத்திலும் யாரும் கேட்கக் காணோம். சினிமாவைப் பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட சிறுபத்திரிகைக்காரர்கள் வீடியோ கேமைப் 'பிள்ளைகளைக் கெடுக்கிற சமாச்சாரம்' என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டோம். அதன் பின்னால் இருக்கும் உழைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நமக்கு ரொம்பத் தூரத்தில் நடந்ததும் அல்ல.

1997இல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை விளையாட்டுத் தயாரிப்பில் இறக்கினார். இந்தத் தொழிலில் இந்தியாவின் மூத்த நிறுவனம் அதுவே. ஆரம்பத்தில் கிடைத்த பெரிய வேலை பிரெஞ்சுக் கம்பெனியான இன்ஃபோகிராம்ஸினுடையது: 'மிஷன் இம்பாசிபிள்' விளையாட்டைப் பி.சி.க்குச் செய்து தருவது. அந்த விளையாட்டு 1998இல் நிண்டெண்டோ 64இலும் அடுத்த வருஷம் பிளேஸ்டேஷனிலும் வந்தது. பி.சி. வடிவம் மட்டும் கடைக்கு வரவேயில்லை. ஆக, நம் வரலாற்றின் தொடக்கப் பிரதி யாரும் வாசிக்கக் கிடைக்காத பிரதி. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ள முடியவில்லை. வெளியிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற இடத்தில் செய்தவனுக்கு நாற்காலி போடப்படவில்லை என்பதாகவே எனக்குப் படுகிறது.

பிறகு துருவா எப்படிப் பிழைத்தது என்பதை ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1970களில் சிப்காட் வந்தபின், அசோக் லேலண்ட், டிவிஎஸ் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி எத்தனை லேத் பட்டறைகள் முளைத்தன! டிராயிங் அங்கிருந்து வரும். டாலரன்ஸ் அவன் சொல்வது. கேஜில் போகாவிட்டால் ரிஜெக்ஷன். உதிரிப் பாகத்தின்மேல் பட்டறைக்காரன் பேர் இருக்காது. துருவாவும் இப்படித்தான் கார் செய்தது — நிஜக் கார் இல்லை, மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா' ஓட்டப்பந்தய விளையாட்டுகளுக்கான முப்பரிமாணக் கார். ஒரு காரின் நூற்றுக்கணக்கான புகைப்படங்களை வைத்துக்கொண்டு சக்கரம், முகப்பு விளக்கு, ஸ்டியரிங், சீட்டின் தையல் வரைக்கும் சின்னச் சின்னப் பலகோணங்களாகக் கட்டி, மேலே தோல் போர்த்த வேண்டும். எத்தனை பலகோணம் என்பதற்கும் கணக்கு உண்டு. அனுப்பினால் திருத்தம் வரும். திருத்தி அனுப்பினால் மறுபடி வரும். ஒத்துக்கொண்ட பிறகுதான் பில். கணினி வந்ததும் உற்பத்தி உறவே மாறிவிட்டது என்று எழுதியவர்கள் ஓசூர் லேத் பட்டறையில் ஒரு ஷிப்டு நின்று பார்த்திருக்கலாம்.

2005இல் வந்த 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' நூலில் தாமஸ் ஃப்ரீட்மன் ராஜேஷ் ராவைக் கொண்டாடுகிறார். மொபைல் விளையாட்டுகளுக்காகச் சார்லி சாப்ளின் உருவத்தின் உரிமையைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது பார், உலகம் தட்டையாகிவிட்டது என்கிறார். எனக்கு அந்த இடத்தில் வேறொன்று தோன்றியது. ஆலை முதலாளித்துவத்தைக் கிண்டல் பண்ணிய 'மாடர்ன் டைம்ஸ்' நாயகனின் உருவத்தையே காசு கொடுத்து வாங்கினால்தான் ஒரு பட்டறைக்குச் சொந்தச் சரக்கு கிடைக்கும் என்ற நிலைமை. சொந்தமாகச் சில சின்ன விளையாட்டுகளும் துருவா செய்தது. சோறு போட்டது ஜாப் ஒர்க்தான்.

2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்ப்ரீஸ், 90.5 சதவீதப் பங்கை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அப்போது அங்கே 300க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ஸ்டார்ப்ரீஸே நொடித்துப்போக, 2019 மே மாசம் தன் பங்கை 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாரிடம் தள்ளியது. துருவாவின் ஆட்கள் ராக்ஸ்டார் இந்தியாவோடு சேர்க்கப்பட்டார்கள். இரண்டு முறையும் விலைபோனது விளையாட்டு அல்ல, பழகிய கைகள். இதற்காக ராவை வெறும் தரகு முதலாளி என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொழிலே இல்லாத நாட்டில் ஆள் பழக்கி, இருபது வருஷம் ஒண்ணாம் தேதி சம்பளம் போட்டு, நாஸ்காமின் விளையாட்டு அமைப்புக்கும் தலைமை தாங்கியவர். இந்தத் தொழிலில் தலைமை என்பதில் பெரும்பகுதி அந்த ஒண்ணாம் தேதிதான்.

ஜாப் ஒர்க் பண்ணாமல் நிறுவனம் தொடங்கினால்? 'இண்டி' என்கிறார்கள், நாம் 'சுயேச்சை' என்போம் — நம் தேர்தல்களில் டெபாசிட் இழப்பவர்களுக்கு வைத்திருக்கும் அதே சொல். புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017இல் 'ராஜி' விளையாட்டுக்காக கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் கேட்டது. இலக்கில் பாதிகூடத் தேறவில்லை. வேலை நிற்காமலிருக்க, நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தன் ஃபிளாட்டையே விற்றார். 2020இல் விளையாட்டு வந்தது. பெண்டாட்டி நகையை அடகு வைத்து இதழ் நடத்தியவர்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது. ஒரே வித்தியாசம், இங்கே விற்றது அந்தப் பெண்ணின் சொந்த வீடு, விற்க முடிவெடுத்ததும் அவரே.

தமிழ் என்று வந்தால் டொரன்டோவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே அபி என்ற தமிழர் தொடங்கிய விசை கேம்ஸ், 2023 ஜூலை 31இல் 'வெண்பா'வை வெளியிட்டது. 1988இல் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண், கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து சிதைந்திருக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். எம்.ஏ.வில் பாடபேதம் படித்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கிற வேலையை இட்லித் தட்டில் வைத்திருக்கிறார்கள். மேல் தட்டின் ஓட்டை கீழ்த் தட்டின் இட்லிக்கு நேராக வரக்கூடாது என்பது எந்தக் கேஜிலும் வராத கணக்கு. இந்த டிராயிங் யாரும் வெளியிலிருந்து அனுப்பியதில்லை. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும், சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும் அதற்குக் கிடைத்தன. கவனிக்க வேண்டிய இன்னொன்று: வெளியான அன்றே அது மைக்ரோசாஃப்டின் சந்தா அங்காடியான கேம் பாஸிலும் வைக்கப்பட்டது. கார் செய்து கொடுத்தவர்களும் இட்லி சுட்டவர்களும் கடைசியில் ஒரே சந்தையில்தான் நிற்கிறார்கள். ஆனால் பெட்டியின்மேல் பேர் வேறு. யாருக்கு எவ்வளவு என்று பேசுகிற இடத்தில் விசைக்கு ஒரு நாற்காலி இருந்திருக்கும்.

என் சித்தப்பா மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இதே வேலை பார்த்தவன். போன பொங்கலுக்கு வந்தபோது போனில் ஒரு விளையாட்டைக் காட்டி, "ண்ணா, இந்த வண்டியோட பின் சக்கரம் நான் பண்ணது" என்றான். கடைசியில் ஓடிய பேர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கம்பெனி பேர் இருந்தது. இப்போது வேலையை விட்டுவிட்டு, இரண்டு சிநேகிதர்களோடு ஊத்தங்கரையில் மாடி ரூம் பிடித்திருக்கிறான். எருது விடும் விழாவை வைத்து ஒரு விளையாட்டு. மாட்டின் பார்வையில் ஓடுகிறதாம். வசனத்தைப் பார்த்துத் தரச் சொல்கிறான். வாடகை எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று கேட்டேன். "ஆடி வரைக்கும் பிரச்சினை இல்லண்ணா. நடுவுல ஒரு கார் கம்பெனி வேலை வந்தா பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான்.