இரண்டு ஒன்றான கதை

1949 வரை இரணியல் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். அச்சமஸ்தானத்தின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் 1937இல் ஒன்றாக இணைந்தன. இணைந்த வங்கி 1938 ஜூனில் கதவடைத்தது. திவான் சி. பி. ராமசாமி ஐயரின் பகைமையே காரணம் என்பாரும் உண்டு, நிர்வாகக் கோளாறு என்பாரும் உண்டு. நாம் கருத வேண்டியது வேறு: சேமிப்பை இரண்டு வங்கிகளிலும் பிரித்து வைத்திருந்தவருக்கும் இறுதியில் எஞ்சியது ஒரே வங்கிதான். எண்ணிக்கை வேறு, பரவல் வேறு.

1976இல் அமெரிக்காவில் ஜான் போகிள் தொடங்கிய குறியீட்டு நிதி 500 நிறுவனங்களின் குறியீட்டைப் பின்தொடர்ந்தது. இன்று நம்மில் இருவேறு நிறுவனங்களிடம் நிஃப்டி நிதி வாங்குபவர் அதே 50 பங்குகளையே இருமுறை வாங்குகிறார். அவற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதித்துறைக்கே உரியது. வயலும் தென்னந்தோப்பும் பொன்னுமாகச் சேர்த்த நாஞ்சில் நாட்டாரைப் போல், பங்கோடு கடன்பத்திரமும் தங்கமும் சேரும்போதே முதலீடு உண்மையில் பிரிகிறது.