மணலியில் ஒரு பிடில்

எண்ணூரிலிருந்து மணலிப் பக்கம் செல்லும்போது நம் கண்ணில் படுவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான். கர்நாடக இசை பிடிலோடு உறவு கொண்ட கதையில் இவ்வூருக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்தே போனோம்.

கவர்னர் பிகட்டின் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். துபாஷ் என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கும்பினிக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் நடுவில் நின்ற தரகரும் அவரே. சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த இவர், திருவாரூர் ராமஸ்வாமி தீட்சிதரையும் குடும்பத்தோடு மணலிக்கு வரவழைத்தார். தந்தைக்குப்பின் துபாஷ் தொழிலோடு இசைப்பித்தும் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரை வந்தடைந்தது.

இந்த மகனிடம் நாம் சற்று நிற்கவேண்டும். தீட்சிதரின் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தவர் இவர். பாலுஸ்வாமிக்குப் பிடிலில் இருந்த நாட்டத்தைக் கண்டு, ஓர் ஐரோப்பியரைச் சம்பளத்துக்கு அமர்த்தி மூன்றாண்டுகள் கற்பிக்கச் செய்தார். மூத்தவர் முத்துஸ்வாமி, மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார்; அவையே நோட்டுஸ்வரங்கள். பாலுஸ்வாமியின் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இக்குடும்ப வரலாற்றை எழுதிவைத்தார்.

பிடிலை நம் இசைக்குக் கொணர்ந்தோருள் தஞ்சை வடிவேலுவும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேங்கடகிருஷ்ணரைப் 'புரவலர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது நமக்கு உடன்பாடில்லை. பொன் கொடுத்தவர் பலர். பிறநாட்டு வாத்தியத்தை நம் வித்துவான் வீட்டுப் பிள்ளை கற்கலாம் என்று அந்நாளில் துணிந்த வணிகர் எத்தனை பேர்?