கரையைக் காக்க வாக்குக் கேட்டோர்

ஊரின் நீரையும் நிலத்தையும் காப்பது ஆட்சியின் கடமை. அக்கடமைக்கு உரியாரைத் தெரிந்தெடுப்பது ஊராரின் உரிமை. இவ்விரண்டும் சேர்ந்தே இயங்கியதற்குத் தமிழகத்தில் பழைய சான்று ஒன்று உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளினின்றும் குடவோலை வழியே தெரிந்தெடுக்கப்பெற்றவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பெற்றனர் என அவை கூறுகின்றன. அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியதாக இருந்தது. அதனை இன்றைய குடியாட்சியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஏரி காத்தலைத் தேர்தலுக்குரிய ஒரு பொறுப்பாகவே வைத்தமை நினைவில் கொள்ளத்தக்கது.

இக்காலத்தில் அப்பொறுப்பு நாடாளுமன்றம் வரை சென்றுவிட்டது. தம் ஊரின் நீர், நில, காற்று நலனையே முன்வைத்து நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவர் எதனைப் பெறுகிறார்? அண்மைக்கால வரலாற்றில் இரு கடற்கரைகள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. ஒன்று நம் நாட்டுக் குவாந்தான். மற்றொன்று தமிழகத்தின் தென்கோடி.

குவாந்தான் காட்டும் பாடம்

நம் நாட்டில் இவ்வகைப் போராட்டத்துக்கு முன்னோடி, ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா. அங்கே 1982இல் தொடங்கிய அருமண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊரார் வழக்காடினர். 1987ஆம் ஆண்டின் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் அவ்வூர்ப் போராட்டக்காரரும் சிக்கினர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994இல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது.

இந்நினைவு ஆறாத நிலையில், குவாந்தானுக்கு அருகில் கெபெங் தொழிற்பேட்டையில் லைனாஸ் ஆலை எழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டு சுரங்கத்துத் தாது இங்கே கொணர்ந்து பிரிக்கப்படும் என்பது திட்டம். 2011இல் ஆராய்ந்த பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழு, கதிரியக்கப் பாதுகாப்புத் தரங்களுக்கு மாறானது எதனையும் காணவில்லை என்றது. ஆனால் நீண்டகாலக் கழிவு மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மக்கள் கேட்டதும் அதுவே: கழிவு எங்கே போகும்?

2012 பிப்ரவரியில் குவாந்தானில் பசுமைப் பேரணி திரண்டது. அதே ஆண்டு நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டரைப் பதின்மூன்று நாள்களில் நடந்தே கடந்தனர். 2008 முதல் குவாந்தான் உறுப்பினராக இருந்த ஃபுசியா சாலே இவ்வெதிர்ப்பில் முன்னின்று, 2013இலும் தம் தொகுதியைத் தக்கவைத்தார். பேரணியின் தலைவர் வோங் தாக், அதே பகாங் மாநிலத்தின் உட்பகுதியான பெந்தோங்கில் ஜனநாயக செயல் கட்சியின் வேட்பாளராக நின்று, 379 வாக்குகளில் தோற்றார். 2018இல் அதே தொகுதியில் 2,032 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். அவர் கூட்டணியே ஆட்சியும் அமைத்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் அவ்வாட்சியே லைனாஸ் உரிமத்தை ஆறு மாதங்களுக்கு நீட்டியது. வோங் தாக் தம் அரசையே எதிர்த்துப் பேச நேர்ந்தது. 2020இலும் 2023இலும் உரிமம் மேலும் புதுப்பிக்கப்பட்டது. 2022 தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை; தனித்து நின்று வைப்புத்தொகையை இழந்தார். அதே தேர்தலில் ஃபுசியா சாலேயும் குவாந்தானை இழந்தார்.

கூடங்குளம் காட்டும் பாடம்

இனித் தமிழகக் கரைக்குச் செல்வோம். 1988இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டால் பிறந்தது கூடங்குளம் அணுமின் நிலையம். 2011இல் இடிந்தகரை மீனவர் உண்ணாநோன்பு தொடங்கினர். 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் 15 நெறிமுறைகளை விதித்து நிலையம் இயங்க இசைவளித்தது.

2014 மக்களவைத் தேர்தலில் போராட்டத் தலைவர் மூவர் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் நின்றனர்: சுப. உதயகுமாரன் கன்னியாகுமரியில், புஷ்பராயன் தூத்துக்குடியில், ஜேசுராஜ் திருநெல்வேலியில். மூவரும் வைப்புத்தொகையை இழந்தனர். மக்களவைத் தொகுதி ஒவ்வொன்றும் பல இலட்சம் வாக்காளரைக் கொண்டது. அவருள் கடலோரச் சிற்றூர்களின் மக்கள் ஒரு பகுதியினரே. ஆண்டுக்கணக்கில் கரையில் திரண்ட மக்கள்திரள், தொகுதியின் பரப்பில் கரைந்துபோயிற்று. நிலையமோ இயங்கிற்று, அடுத்த அலகுகளின் கட்டுமானமும் தொடங்கிற்று.

பெற்றது என்ன?

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் ஓருண்மை விளங்கும். போராட்டத்தின் வலிமையை மட்டும் கொண்டு நிற்பவர், தம் கருத்தை அளவின்றிச் சொல்லலாம். ஆனால் வாக்கு எண்ணிக்கை அவருக்குத் துணை நிற்பதில்லை. பெருங்கூட்டணியின் வழியே வெல்பவர் அவையில் இடம் பெறுகிறார். ஆனால் அக்கூட்டணி ஆட்சிக்கு வந்தபின் முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் நோக்கும்போது, அவர் குரல் தனிக்குரலாகிவிடுகிறது.

ஆயின் இவர்கள் நின்றது வீண் என்று கொள்ளலாகாது. லைனாஸ் உரிமத்தில் நிலையான கழிவுக் கிடங்கு வேண்டும் என்ற விதி ஏறியதும், கூடங்குளம் தீர்ப்பில் நெறிமுறைகள் இடம்பெற்றதும் தாமே நிகழ்ந்தவையல்ல. மக்கள் எழுப்பிய வினாக்களே அவற்றின் பின்னே நிற்கின்றன. ஆலையை மூடும் ஆற்றல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. கழிவைப் பற்றிப் பேசாமல் ஆலையை நடத்தும் நிலையை மாற்றும் ஆற்றல் வாய்த்தது.

தேர்தல் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், வென்றவர் பெயரோடும் வாக்கு எண்ணிக்கையோடும் நிறுத்திவிடாமல், தேர்தலுக்குப்பின் அந்த ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் எந்த விதி புதிதாக ஏற்பட்டது, அவ்விதி நடைமுறைக்கு வந்ததா என்பதையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். ஏரி வாரியத்தாரைத் தெரிந்தெடுத்ததோடு ஓர் ஊரின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஏரி காக்கப்பட்டதா என்று கேட்பதும் அக்கடமையுள் அடங்கும்.