பாதிக்கப்பட்டோர்க்குத் துணைநிற்றல்: ஒரு வரலாற்று நோக்கு

குற்றவியல் வழக்கொன்றின் தலைப்பை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒருபுறத்தே அரசு நிற்கின்றது. மறுபுறத்தே எதிரி நிற்கின்றார். அடிபட்டவரின் பெயரோ பொருளிழந்தவரின் பெயரோ அங்கு இடம்பெறுவதில்லை. எதிரிக்காகப் பேச ஒரு சட்டத்தரணி உளர். அரசுக்காகப் பேச வழக்குத்தொடுநர் உளர். எவருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர் சாட்சிகளுள் ஒருவராக மட்டும் அழைக்கப்படுகின்றார். தம் பங்கைச் சொல்லி முடித்ததும் கூண்டைவிட்டு இறங்கிச் செல்லவேண்டியவர் அவர். இவ்வெற்றிடத்தினின்றும் தோன்றியதே பாதிக்கப்பட்டோர்க்குத் துணைநிற்கும் பணியாகும்.

இந்நிலை என்றுமே இருந்ததன்று. கொள்ளையன் அகப்படாதவிடத்து இழந்த பொருளை அவ்வூரும் அதன் தலைவனும் ஈடுசெய்தல் வேண்டும் என ஹமுராபியின் சட்டத்தொகுதி விதித்தது. களவுபோன பொருளை மீட்கவியலாத மன்னன் தன் பண்டாரத்தினின்றும் அதனைக் கொடுக்கவேண்டும் என்னும் கருத்தை அர்த்தசாத்திரத்திலும் காணலாம். இங்கிலாந்தில் கி.பி. 600 அளவில் கென்ற் நாட்டு மன்னன் எதெல்பேட்டின் சட்டங்கள் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு விலையை வகுத்து, அதனைப் பாதிக்கப்பட்டவர்க்கோ அவர் சுற்றத்தார்க்கோ உரியதாக்கின. பின்னர் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றியின் காலத்தில், பாரிய குற்றங்கள் மன்னனின் அமைதியைக் குலைத்த செயல்களாகக் கருதப்படலாயின. சுற்றத்தின் வலிமையை நம்பியிருந்த எளியோர்க்கு இது பெரும் பாதுகாப்பு என்பதை மறுத்தலாகாது. ஆயினும், குற்றம் மன்னனுடையதானபோது தண்டமும் மன்னனுடையதாயிற்று. பாதிக்கப்பட்டவர் வழக்கின் உரிமையாளர் என்னும் நிலையை இழந்து அதன் கருவியாயினார்.

இந்த இழப்பைப்பற்றி முதலிற் குரலெழுப்பியோருள் ஒருவர், வியக்கத்தக்கவாறு, கைதிகளின் நலனுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மாஜரி பிரை ஆவார். தண்டனைச் சீர்திருத்தத்துக்கான ஹவாட் கழகத்தின் செயலாளராகவும், ஒக்ஸ்போட்டின் சமவில் கல்லூரியின் தலைவராகவும் விளங்கிய அவர், இங்கிலாந்தில் முதன்முதலாக நீதவான்களாக அமர்ந்த பெண்களுள் ஒருவர். 1957ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை ஒரு கணக்கை முன்வைத்தது. 1951இல் தாக்கப்பட்டுப் பார்வையிழந்த ஒருவருக்கு நீதிமன்றம் 11,500 பவுண் நட்டஈடு விதித்தது. தாக்கியோர் இருவரும் கிழமைக்கு ஐந்து சிலின் வீதம் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். முழுத்தொகையையும் பெறுவதற்கு அம்மனிதர் இன்னும் 442 ஆண்டுகள் உயிர்வாழ வேண்டியிருந்தது! குற்றத்தைத் தடுப்பதாகக் கூறி மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைந்த அரசு, தடுக்கத் தவறியவிடத்து அதன் விளைவிற் பங்கேற்றல் வேண்டும் என்பதே பிரையின் வாதம். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1963இல் நியூசிலாந்து இதற்கெனச் சட்டமியற்றியது. 1964இல் பிரித்தானியாவும், 1965இல் கலிபோர்னியாவும் தத்தம் நட்டஈட்டுத் திட்டங்களைத் தொடங்கின.

பணம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை. அதனைத் தேடித் தந்தவை சட்டசபைகள் அல்ல, பெண்கள் இயக்கங்களே. 1971 ஜனவரியில் நியூயோர்க் நகரத் தேவாலயமொன்றிற் கூடிய பெண்கள், தமக்கு நேர்ந்த பாலியல் வல்லுறவுக் கொடுமைகளை முதன்முறையாகப் பகிரங்கமாக எடுத்துரைத்தனர். அக்காலத்து நியூயோர்க் மாநிலச் சட்டத்தின்படி இத்தகைய வழக்கிலே பெண்ணின் சொல் மட்டும் போதாது. பிறிதொரு சான்று அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். களவுகொடுத்தவனிடம் எவரும் கேளாத சான்று இவளிடம் கேட்கப்பட்டது. இவ்விதி 1972இல் தளர்த்தப்பட்டு 1974இலேயே நீக்கப்பட்டது. (தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லும் இதே நோக்கின் விளைவே. செய்தவனின் வன்முறையை விடுத்து, பெண் எதனை இழந்தாள் என்பதையே அச்சொல் பேசிற்று.)

1971இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிலும் 1972இல் வாஷிங்டனிலும் பாலியல் வல்லுறவு நெருக்கடி நிலையங்கள் தோன்றின. பெரும்பாலும் ஒரு தொலைபேசியும் சில தொண்டர்களுமே இவற்றின் மூலதனம். வாஷிங்டன் நிலையத்தார் இத்தகைய நிலையமொன்றை எவ்வாறு தொடங்குவது என்பதுபற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டமையால் இம்முறை பிற நகரங்களுக்கும் பரவிற்று. இத்தொண்டர்களுக்கு ‘அட்வகேட்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இலங்கைத் தமிழர்க்கு இச்சொல் ‘அப்புக்காத்து’ என்பதையே நினைவூட்டும். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அப்புக்காத்தையும் பிறக்கிராசியையும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்த காலத்திலேயே, அமெரிக்காவில் அச்சொல் சட்டம் பயிலாத ஒருவரைக் குறிக்கலானமை சுவையான ஒரு பொருத்தமாகும்.

அவர் ஆற்றிய பணி யாது? வைத்தியசாலையிற் பரிசோதனை நடைபெறும்போது உடனிருந்தார். அடுத்து நிகழவிருப்பது என்ன என்பதை முன்கூட்டியே விளக்கினார். அணிந்திருந்த உடைகள் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டபோது மாற்றுடை கொணர்ந்தார். பொலிஸ் நிலையத்திலும், மாதங்கள் கழிந்து நீதிமன்றத்திலும், அருகே அமர்ந்தார். முறைப்பாடு செய்வதா, வேண்டாமா என்னும் முடிவை மட்டும் அவர் எடுக்கவில்லை. அது பாதிக்கப்பட்டவர்க்கே உரியது. தன் விருப்பம் ஒருமுறை மிதிக்கப்பட்டவளின் விருப்பத்தை இன்னொருமுறை, நன்மை கருதியேனும், மிதித்தலாகாது என்பது இப்பணியின் முதல் விதியாயிற்று.

இவ்வனுபவத்துக்கு அறிவியல் அடிப்படை வகுத்தவர்கள் தாதியியல் அறிஞரான ஆன் பேர்ஜசும் சமூகவியலாளரான லிண்டா ஹோம்ஸ்ரமும் ஆவர். 1972 யூலை முதல் ஓராண்டு காலம், பொஸ்டன் நகர வைத்தியசாலைக்குப் பாலியல் வல்லுறவுக்குள்ளானவர் எவர் வந்தாலும், இரவாயினும் பகலாயினும், இவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது. அவர்கள் விரைந்து சென்று உடனிருந்தனர். அவ்வாறு 146 பேரைச் சந்தித்தனர். அவர்களுள் 92 வளர்ந்த பெண்களின் நிலையை ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட கட்டுரையின் முக்கிய முடிபுகளுள் ஒன்று நீதிமன்றங்கள் காலங்காலமாகக் கொண்டிருந்த நம்பிக்கையொன்றைத் தகர்த்தது. அழுது அரற்றுபவளே உண்மை சொல்பவள் என்பது அந்நம்பிக்கை. ஆனால், ஏறத்தாழ அரைவாசிப்பேர் அழவில்லை. உணர்ச்சியை அடக்கி, அமைதியாகவே காணப்பட்டனர். அமைதி பொய்யின் அடையாளமன்று, அதிர்ச்சியின் இன்னொரு முகம் என்பதை அவர்கள் நிறுவினர். கட்டிலருகே உடனிருந்த காரணத்தாலேயே இவ்வுண்மை கண்டறியப்பட்டது என்பது கருதத்தக்கது. தொலைவில் அமர்ந்து பதிவேடுகளைப் புரட்டியவர் எவர்க்கும் இது தென்பட்டிராது.

பிரித்தானியாவில் இப்பணி வேறு வழியிற் சென்றது. 1971இல் இலண்டனின் சிசிக் பகுதியில் எரின் பிட்சி தொடங்கிய இல்லம் கணவனின் வன்முறைக்குத் தப்பிய பெண்களுக்குப் புகலிடமாயிற்று. 1974இல் பிரிஸ்ரல் நகரில் உருவான திட்டமோ வீடுடைத்துக் களவாடப்பட்டோர் முதலிய எல்லாவகையினரையும் நாடிச் சென்றது. பொலிசார் பெயர்களைத் தர, அழைப்பை எதிர்பாராமலே தொண்டர்கள் வீடு தேடிச் சென்றனர். அயலவர் பண்பின் விரிவே இது எனலாம்.

1974 முதல் அமெரிக்காவில் வழக்குத்தொடுநர் அலுவலகங்களும் இத்துறையில் இறங்கின. புரூக்ளினிலும் மில்வோக்கியிலும் மத்திய அரசின் பணத்துடன் பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்குமான உதவித் திட்டங்கள் ஏற்பட்டன. சாட்சிகள் நீதிமன்றுக்கு வாராமையால் வழக்குகள் வீழ்ந்துபோவதே அரசின் கவலை. இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. வழக்கை வெல்ல விரும்புபவரிடம் சம்பளம் பெறும் ஒருவர், வழக்கினின்றும் விலக விரும்பும் பெண்ணுக்கு உண்மையான துணையாதல் கூடுமோ? கூடும் என்போர் உளர். எனினும், வைத்தியசாலை வாங்கிலே தொடங்கிய பணிக்கும் அரச அலுவலக மேசையிலே தொடங்கிய பணிக்குமிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று.

இவ்வேறுபாட்டின் கூர்மை பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பேர்க் நகரில் வெளிப்பட்டது. அங்குள்ள நெருக்கடி நிலையமொன்றிற் பெண்ணொருத்தி பகர்ந்தவை அடங்கிய கோவையை எதிரியின் சட்டத்தரணி கோரினார். நிலையத்தின் பணிப்பாளர் அதனைக் கையளிக்க மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானார். எதிரியின் கோரிக்கையை அற்பமென ஒதுக்கிவிட இயலாது. தன்மேற் சாட்டப்பட்ட குற்றத்தை மறுக்கத் தேவையான யாவற்றையும் காண அவனுக்கு உரிமையுண்டு. ஆயினும், நள்ளிரவிலே துணைநின்றவரிடம் சொன்ன சொல் மறுநாள் தன்னையே வெட்டும் வாளாகுமெனின், எப்பெண் வாய் திறப்பாள்? 1981இல் மாநில உயர்நீதிமன்றம் முழுமையான இரகசியப் பாதுகாப்பை ஏற்க மறுத்து, சம்பவத்தைப்பற்றிய கூற்றுகளை மட்டும் எதிரிக்குக் காட்டலாம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே மாநிலச் சட்டசபை சட்டமியற்றி, நிலையத் துணைவரிடம் கூறப்பட்டவற்றுக்குப் பாதுகாப்பளித்தது.

1984இல் அமெரிக்க மத்திய அரசு குற்றவாளிகளிடம் அறவிடும் தண்டப்பணத்தைக் கொண்டு பாதிக்கப்பட்டோர் நிதியம் ஒன்றை அமைத்தது. எதெல்பேட்டின் காலத்துக்குப்பின் தண்டப்பணத்தின் ஒரு பகுதி மீண்டும் பாதிக்கப்பட்டவரை நோக்கித் திரும்பிற்று எனின் மிகையாகாது. 1985 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாதிக்கப்பட்டோர்க்கான நீதிபற்றிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் 1987இல் நிறுவப்பட்ட ‘விமன் இன் நீட்’ என்னும் அமைப்பு இப்பணியில் முன்னோடிகளுள் ஒன்றாகும். அரச வைத்தியசாலைகளில் சிங்களத்தில் ‘மிதுரு பியச’ எனவும் தமிழில் ‘நட்பு நிலையம்’ எனவும் பெயர்பெற்ற நிலையங்கள் பின்னர் ஏற்பட்டன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வன்முறைக்கெதிரான பாதுகாப்புக் கட்டளைக்கு வழிசெய்தது. குற்றச்செயல்களாற் பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 4ஆம் இலக்கச் சட்டம் 2015இல் நிறைவேறிற்று. குற்றம் தம் வாழ்வை எவ்வாறு தாக்கிற்று என்பதைத் தண்டனை விதிக்கப்படுமுன் மன்றுக்கு எடுத்துரைக்கும் உரிமையை அது பாதிக்கப்பட்டவர்க்கு அளித்தது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

பிட்ஸ்பேர்க்கில் எழுந்த வினாவுக்கு இந்நாட்டில் விடை தேடுவோர் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் கூறியவற்றை அது வெளியிடாது காக்கின்றது. சட்டத்தரணியின் எழுதுவினைஞர்க்கும் உரைபெயர்ப்பாளர்க்கும் அப்பாதுகாப்பு விரிக்கப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டவரின் அருகே அமர்ந்திருந்தவர்பற்றி அப்பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை.