தோட்டத்துக்கு வந்த வெற்றிப் புத்தகங்கள்

சுயமுன்னேற்ற நூல் என்றதும் இலக்கிய வாசகர்கள் பலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. என் தாத்தா காசு கொடுத்து வாங்கிய ஒரே புத்தகம் அந்த வகைதான்.

தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அங்கே தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. 1923-ல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் இல்லை; ஆனாலும் இங்கேயும் தோட்டப் பள்ளிகள் வந்தன. கிராணியே வாத்தியாராக இருந்த பள்ளிகளும் உண்டு. பிள்ளைகளை எழுத்துக் கூட்டும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும் பள்ளிகள் அவை. அதற்குமேல் அவரவர் பாடு.

அந்த ‘அதற்குமேல்’ என்ற இடத்தில்தான் அப்துற் றஹீம் வருகிறார். 1922-ல் தொண்டியில் பிறந்தவர். தமிழில் வெற்றி நூல்கள் என்ற வகையையே நிலைநிறுத்தியவர் என்று அவரைச் சொல்லலாம். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது அவருடைய ‘வாழ்க்கையில் வெற்றி’. அட்டை போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இரவல் வாங்கியவர்களின் பெயர்கள்: மொத்தம் ஒன்பது, அதில் ஒருவர் பெயர் இரண்டு தடவை. இத்தனை பேரா படித்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "யாருப்பா தனியா படிச்சா? கோயில் வாசல்ல ஒருத்தர் படிப்பாரு, நாங்க சுத்தி உக்காந்து கேப்போம்" என்றார். பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் வரும் கதைகள் தெரியும்.

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கப்படும் ஒரு மனிதனிடம், ‘உன்னால் முடியும்’ என்று அச்செழுத்தில் ஒருவர் பேசுகிறார். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தப் புத்தகங்களின் அடிப்படையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் இந்த வகைக்கு ஆரம்பகாலப் பெரிய பெயர் வ.உ.சி. ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 1903-ல் எழுதிய சிறுநூலை ‘மனம் போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தார். அதைச் செய்தது சிறையில் இருந்தபோது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர், நினைப்பே வாழ்க்கையை ஆக்குகிறது என்ற நூலைத் தேர்ந்தெடுக்கிறார். சிறைக்குள் மனம் ஒன்றுதான் அவர் கைவசம் மிச்சம் இருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். வெளியே இருப்பவனுக்கு அது மட்டும் போதுமா? 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய எண்ணத்தில் வலு இல்லாததாலா?

இந்த வகை நூல்களுக்கே பெயர் வைத்த புத்தகம் சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’, 1859. அதன் மூலம் எதுவென்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சில இளம் தொழிலாளர்கள் மாலை நேரங்களில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1845-ல் ஸ்மைல்ஸ் அவர்களிடம் பேசிய பேச்சுதான் பிறகு நூலாக வளர்ந்தது. பெயரைப் பார்த்து சுயநலத்தைப் புகழும் நூல் என்று பலர் நினைத்துவிட்டார்கள் என அவரே பின்னால் ஒரு பதிப்பின் முன்னுரையில் வருத்தப்பட்டார். சங்கம் உதிர்ந்துபோய், ‘செல்ஃப்’ மட்டும் உலகம் சுற்றியது.

எங்கள் பக்கம் அந்தச் சங்கம் உதிரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போருக்குப் பின் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படையை நடத்தினார். இந்திய தேசிய ராணுவத்தின் சாயல் அதில் இருந்தது. அணிவகுப்புப் பயிற்சி, கட்டுப்பாடு, முக்கியமாகக் கள்ளை விடுவது. எந்த வெற்றிப் புத்தகமும் சொல்லும் அதே புத்திமதிதான். ஆனால் ஒருவன் கள்ளை விட்டால் துரைக்கு நல்ல வேலையாள் கிடைத்தான். நூறு பேர் சேர்ந்து விட்டு, கடை வாசலில் மறியலும் செய்தால் போலீஸ் லாரி வந்தது. 1947-ல் பீடோங் வட்டாரத்தில் நடந்தது அதுதான். மோதல், உயிரிழப்பு, கூட்டங்கூட்டமாகக் கைது, சிறை.

1950-களில் தமிழ் முரசு தொடங்கிய மாணவர் மணிமன்றத்தின் வழியே ஊர் ஊராக மணிமன்றங்கள் வந்தன. பேச்சுப் போட்டி, நூலகம், நாடகம் எல்லாம் நடந்தன. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலைமை. 1960-ல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த காசில் 1961-ல் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம். சேமிப்பு, பொறுமை, தொலைநோக்கு என்று புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னதுதான் இதுவும். தனியாளாக ஒரு தொழிலாளி அந்தப் பத்து வெள்ளியை நாற்பது வருஷம் சேர்த்தாலும் தோட்டம் வாங்கியிருக்க மாட்டார்.

நான் இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பொறியியலாளன். என் வயதுக்காரர்கள் நிறைய படிக்கிறார்கள், கேட்கவும் செய்கிறார்கள். ‘பணக்காரத் தந்தை, ஏழைத் தந்தை’ படிக்காதவர் குறைவு. பாதிப் பேருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள்தான். சுங்கைப் பட்டாணியிலிருந்து கிளம்பும் தொழிற்சாலைப் பேருந்தில் காலை ஷிப்டுக்கு நாற்பது பேர் வரை ஏறுவோம். வழியில் செம்பனை மரங்கள். ஆளாளுக்குக் காதில் ஒரு செருகி, பத்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தின் சுருக்கம். இரண்டு இருக்கை தள்ளி இருப்பவரும் பல நாள் அதே புத்தகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.