பொட்டி தட்டுறவன் செஞ்ச பொட்டி

பொட்டி தட்டுற வேலை பார்க்கிறவன் நிஜமாவே ஒரு பொட்டி செஞ்சா எப்படி இருக்கும்? போன மாசம் போடிக்குப் போனப்ப செஞ்சு பார்த்தேன். மரம் இழைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன். அதை மேலே உட்கார வைக்க, கீழே பிளேடு, ஸ்பானர் எல்லாம் போட்டு மூட ஒரு அலமாரி. 18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட்.

அளவெடுக்கும்போது அம்மா மச்சிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டியை இறக்கி, "இதை உடைச்சு அடுப்புல போடு"ன்னாங்க. ஓரத்துல தகரப்பட்டை. பிய்ஞ்ச மூலையைப் பார்த்தா மூணு அடுக்கு. அட, இதுவும் பிளைவுட்!

அப்புறம் வேலை எங்கே ஓடும்? படிக்க உட்கார்ந்துட்டேன்.

மூணாறு தேயிலை ஒரு காலத்துல நம்ம ஊர் வழியாத்தான் கப்பலுக்குப் போச்சு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-ல் சின்ன ரயிலா மாத்தினாங்க. அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கிட்டே குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி, தூத்துக்குடி. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. போடிக்கு மதுரை ரயில் வந்தது 1928-ல்தான்.

இவ்வளவு தூரம் போற பெட்டி கனக்கவும் கூடாது, பிளக்கவும் கூடாது. பிளைவுட்டில் ஒரு அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கின் ரேகை ஓடும். அதனால சுலபத்துல பிளக்காது. இந்தியாவில் பிளைவுட் தொழில் வளர்ந்ததே தேயிலைப் பெட்டியாலதான். அதுக்குக் காட்டு மரம்தான் விழுந்தது. கூடலூர்க் காடுகளுக்காக கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் அனுமதியில்லாம காட்டில் மரம் வெட்டுறதுக்கும் மரம் அறுக்கிறதுக்கும் தடை போட்டுச்சு. வடகிழக்கில் பல பிளைவுட் ஆலைகள் மூடின. இன்னைக்கு மலைக்கு அந்தப் பக்கம், பெரும்பாவூரில், பால் வத்தின ரப்பர் மரம்தான் பிளைவுட் ஆகுது. தேயிலையும் பெட்டியை விட்டு காகிதச் சாக்குக்குப் போயாச்சு.

என் ஷீட்டும் ரப்பர் மரம்தான். வெட்டும்போது வருத்தம் இல்லை. பழைய பெட்டியை உடைக்கத்தான் கை வரலை. எந்தக் காட்டு மரமோ... ஒரு தடவை வெட்டினது போதாதா?

அலமாரி அளவை மாத்தினேன். கீழ்த்தட்டில் அந்தப் பெட்டியே இழுப்பறை. அம்மா பார்த்துட்டு, "ரெண்டு நாள் லீவு போட்டு, பழைய பொட்டிக்குப் புதுப் பொட்டியா?"ன்னு கேட்டாங்க. ஹி ஹி... அதேதான்மா!